சாரலின் எடை

புளியரைக்கு இந்தப் பக்கம்,
மலை ஏறுமுன் கடைசி எடைமேடை எங்களுடையது.
சனிக்கிழமை அசன் கனி தென்காசியிலிருந்து வந்து
எல்லாவற்றையும் அழித்து
விண்டோஸைப் புதிதாய்ப் போட்டுக் கொடுத்தான்.
"இனி பறக்கும்க்கா" என்றான். பறக்கவும் செய்தது.
ஞாயிறு லீவு, மெயினை அணைத்துவிட்டுப் போனோம்.

திங்கள் காலை சுவிட்சைத் தட்டிவிட்டு
மேசை துடைத்து, குடத்தில் தண்ணீர் பிடித்து,
ஊதுபத்தி கொளுத்தித் திரும்பினால்
அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மேடையில் ரெஜிமோனின் வைக்கோல் லாரி.
சிவப்பு எண்கள் 11,240 என்றன.
பதிவு ஜன்னல் திறந்தால்தானே எழுத.
வெளியே சாரல்.
தார்ப்பாய் போர்த்தியும் ஓரங்கள் குடித்தன.
11,250.
11,260.
"சேச்சி, மழைக்கும் ஞான் காசு கொடுக்கணுமோ?"

போனில் அசன் கனி.
டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னான்.
திறக்க நாலு நிமிடம்.
"சிபியு?"
பன்னிரண்டு.
"டிஸ்க்?"
நூறு.
"அப்ப உள்ள யாரோ அரைச்சிட்டே இருக்கான்க்கா."
அப்டேட்டை நிறுத்து, தேடுபொறியை நிறுத்து,
இரண்டு ஆன்டிவைரஸில் ஒன்றைத் தூக்கு.
கல்யாண மண்டபத்தில் கடைசியாய்க் கிளம்புகிறவள் மாதிரி
ஒவ்வொரு விளக்காய் அணைத்துக்கொண்டே வந்தேன்.
நூறு நூறாகவே நின்றது.
எப்படியோ ஜன்னல் திறந்தது.
பிரிண்டர் கறகறத்து ரசீது துப்பியது: 11,290.
வண்டி மலைக்குள் மறைந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் அதே வண்டி, இறங்கி வந்து நிற்கிறது.
ஆரியங்காவில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.
ரசீதில் தேதியைச் சுற்றி நீல வட்டம்:
01-01-2010.
"சேச்சி, இந்தத் தேதியில்
என்றெ வண்டி வெறும் இரும்பாக்கும்."

சொன்னேன். அசன் கனி கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சிரித்தான்.
"பேட்டரிக்கா. போர்டுல, காசு மாதிரி ஒண்ணு.
அது செத்தா கரண்ட் போனதும் தேதி மறந்துரும்.
பதினாறு வருசம் பின்னாடி நின்னுட்டுக் கதவத் தட்டினா
எந்த சர்வர் உள்ள விடும்?
இது விடாமத் தட்டுது. அதான் உங்க நூறு."

கத்துவதற்கென்றே பதினொரு மணிக்கு வந்தார்
முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி.
செங்கோட்டைக்கு ஆள் அனுப்பி வாங்கி வர
ஒரு மணி நேரம் ஆகும்.
அவர் கையில் கார் சாவி ஆடிக்கொண்டிருந்தது.
நானும் ரெஜிமோனும் அதையே பார்த்தோம்.
அவரும் பார்த்தார்.

ரிமோட்டை ஐந்து ரூபாய் நாணயத்தால் நெம்பினான் ரெஜிமோன்.
பெட்டியைப் படுக்கவைத்துத் திருகு கழற்றினேன்.
தூசி, ஒரு செத்த கரப்பான்,
அதற்கடியில் மங்கலாய் அந்தக் காசு.
ஊக்கால் கிளப்பி எடுத்தேன்.
புதியது டக்கென்று உட்கார்ந்தது.
வருடம் போட்டேன், மாதம் போட்டேன்,
நாளுக்கு மட்டும் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

நூறு.
எழுபத்து நாலு.
முப்பத்தொன்று.
ஒன்பது.
பறக்கவில்லை. பழைய பெட்டி, நடந்தது.
எனக்கு நடந்தால் போதும்.

மறுபடி மேடையேறியது வைக்கோல்.
11,410.
தராசு சொன்னதைத்தான் அச்சடிக்க முடியும்.
அண்ணாச்சி சாவியைத் துவாரத்தில் விட்டு
காரைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.
ரசீதைத் திருப்பிப் பின்புறம்
பேனாவால் எழுதினேன்:
இதில் நூற்றெழுபது கிலோ சாரல்.
கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினேன்.
அந்தப் பக்கம் அதை ஒத்துக்கொண்டார்களா, தெரியாது.
ரெஜிமோன் மடித்து
சட்டைப்பையில் தனியாய் வைத்துக்கொண்டான்.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
வெங்காய லாரி ஒன்று பாதி மேடையில்.
வந்தது.
நான் எடையைப் பார்க்கவில்லை,
மூலையில் தேதியைப் பார்த்தேன்.

ஜூலைதான்.